சிவில் உரிமை ஆவணக் காப்பகத்தில் சட்ட மாணவர் இன்டர்ன்ஷிப்: ஒரு பழைய கொலை வழக்கைக் காகிதத்தில் பின்தொடர்வது எப்படி

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டு, யாருக்கும் தண்டனை இல்லாமல் போன வழக்குகள் ஏராளம். அவற்றின் காகிதங்களைத் தேடிச் சேர்ப்பதில் சட்ட மாணவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த வழிகாட்டி அந்த வேலைக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கானது.

புதிதாக வருகிறவர்கள் சட்டம் தெரியாமல் தடுமாறி நான் அதிகம் பார்த்ததில்லை. வரிசை தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள். முதல் வாரமே எஃப்.பி.ஐ கோப்பு கேட்டு விண்ணப்பம் போட்டுவிடுவார்கள். இறந்தவரின் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் தேடுவது என்றே அதற்குள் முடிவாகியிருக்காது. ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. எந்த வகைக் காப்பகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"சிவில் உரிமைக் காப்பகம்" என்ற பெயரில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று பழைய கொலை வழக்குகள். பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் மார்கரெட் பர்ன்ஹாம் 2007இல் தொடங்கிய சிவில் உரிமைகள் மற்றும் மீட்பு நீதித் திட்டம் இந்த வகை. அதன் பர்ன்ஹாம்-நோபிள்ஸ் டிஜிட்டல் காப்பகம் 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1930 முதல் 1954 வரை, உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோய்க் கூட்டமைப்பு அமைத்த தென்மாநிலங்கள் பதினொன்றில் நடந்த கொலைகளின் ஆவணங்கள் அதில் இருக்கின்றன.

இன்னொன்று, நீதிமன்றத்துக்கு வந்த சிவில் உரிமை வழக்குகளின் தொகுப்பு. மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் இயங்கும் சிவில் உரிமை வழக்குத் தொகுப்பகம் இதற்கு நல்ல உதாரணம். சிறை நிலைமை, பள்ளி ஒருங்கிணைப்பு, காவல்துறை அத்துமீறல் போன்ற வழக்குகளின் மனுக்களையும் உத்தரவுகளையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் மாணவர்கள் சுருக்கம் எழுதுகிறார்கள்.

இரண்டாவதில் காகிதம் உங்கள் கையில் இருக்கும், அதைப் படித்துச் சுருக்க வேண்டும். முதலாவதில் காகிதம் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. வேகமாக எழுதும் பழக்கம் உள்ளவருக்கு மிச்சிகன் வகை பொருந்தும். ஒரு பெயரைத் துரத்திக்கொண்டு மாதக்கணக்கில் உட்காரப் பொறுமை இருந்தால் முதல் வகைக்குப் போங்கள். இனி நான் சொல்வதெல்லாம் முதல் வகையைப் பற்றி.

2. விசாவையும் கிரெடிட்டையும் விண்ணப்பத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் போய்ப் படிப்பவர்கள் செய்யும் வழக்கமான தவறு, "சம்பளம் இல்லாத வேலைதானே, அனுமதி எதற்கு" என்று நினைப்பது. சம்பளம் இல்லையென்றாலும் அது வேலையாகக் கருதப்படலாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படிப்பின் பகுதியாக வேலை செய்ய விடும் சி.பி.டி அனுமதி பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுவதும் படித்த பிறகே கிடைக்கும். ஓராண்டு எல்.எல்.எம் மாணவருக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு எளிய வழி, காப்பக வேலையைக் கிரெடிட் உள்ள கிளினிக் வகுப்பாக (ஆசிரியர் மேற்பார்வையில் உண்மையான வழக்குகளில் வேலை செய்யும் வகுப்பு) எடுப்பது. அதற்கு இடம் முந்தைய பருவத்திலேயே நிரம்பிவிடும் என்பதால் சீக்கிரம் கேளுங்கள்.

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு பழகிப் பார்க்க விசா எதுவும் வேண்டாம். பர்ன்ஹாம்-நோபிள்ஸ் காப்பகமும், சிவில் உரிமை இயக்கத்தை உளவு பார்த்த மிசிசிப்பி மாநில இறையாண்மை ஆணையத்தின் கோப்புகளும் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் இரண்டு வழக்குகளையாவது முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள்.

3. விண்ணப்பத்தில் எதை அனுப்புவது

எழுத்து மாதிரி கேட்பார்கள். மூட் கோர்ட்டில் வாதாடிய மெமோரியலை அனுப்பாதீர்கள். அதில் வாதம் இருக்கும், உண்மை விவரத்தை நீங்கள் எப்படிக் கையாளுகிறீர்கள் என்று தெரியாது. ஒரு வழக்கின் சம்பவப் பகுதியை மட்டும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் காட்டி, இரண்டு பக்கம் எழுதி அனுப்பினால் போதும்.

கடிதத்தில் நீதியின்மீது உங்களுக்குள்ள ஆர்வத்தைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டாம். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். மைக்ரோஃபிலிம் பார்த்திருக்கிறீர்களா, கையெழுத்துப் பதிவேடு படித்திருக்கிறீர்களா, கிராமக் கணக்கு, பத்திரப் பதிவு என்று எதையாவது தோண்டியிருக்கிறீர்களா என்பதைச் சொல்லுங்கள். தாலுகா அலுவலகத்தில் ஒரு பட்டா நகல் வாங்க அலைந்த அனுபவம்கூட இங்கே தகுதிதான். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

4. முதல் நாளுக்கு முன் படிக்க வேண்டிய சட்டம்

அதிகம் இல்லை. இரண்டு பிரிவுகள், ஒரு தீர்ப்பு.

கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தொகுப்பின் 18ஆம் தலைப்பில் இன்று 241, 242 என்று உள்ள பிரிவுகள் 1948க்கு முன் 51, 52 என்ற எண்களில் இருந்தன. முதலாவது உரிமையைப் பறிக்கும் சதி. இரண்டாவது, அதிகாரப் போர்வையில் ஒருவரின் உரிமையைப் பறிப்பது. பழைய கோப்பில் "பிரிவு 52" என்று பார்த்துவிட்டு இன்றைய சட்டத்தில் 52ஐத் தேடிக் குழம்பியவர்கள் உண்டு. இரண்டு எண்களையும் மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு, 1945இல் வந்த ஸ்க்ரூஸ் எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள். 1943 ஜனவரியில் ஜார்ஜியாவின் பேக்கர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு), டயர் திருடியதாகச் சொல்லி ராபர்ட் ஹால் என்ற கறுப்பின இளைஞரை கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் கிளாட் ஸ்க்ரூஸ் இரண்டு பேருடன் சேர்ந்து கைது செய்து, கைவிலங்கோடு அடித்தே கொன்றார். மாநிலம் வழக்குப் போடவில்லை. கூட்டாட்சி அரசு பிரிவு 52இன் கீழ் போட்டது. ஜூரி குற்றவாளி என்றது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஒரு குறிப்பிட்ட அரசியலமைப்பு உரிமையைப் பறிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்ததாக நிரூபிக்க வேண்டும் என்றது. மறுவிசாரணையில் ஸ்க்ரூஸ் விடுதலையானார்.

இதை ஏன் முதலில் படிக்கச் சொல்கிறேன்? நீங்கள் திறக்கப்போகும் நீதித்துறைக் கோப்புகளில் (இங்கே நீதித்துறை என்பது நீதிமன்றம் அல்ல, வழக்குப் போடும் கூட்டாட்சி அரசுத் துறை) பெரும்பாலானவை வழக்கை மூடும் ஒரு குறிப்போடு முடியும். அந்தக் குறிப்பின் தேதி 1945 மே மாதத்துக்கு முன்னா பின்னா என்று பார்த்தால், வழக்கறிஞர் எந்த அளவுகோலை வைத்துக் கைவிட்டார் என்பது புரியும். "எண்ணத்தை நிரூபிக்க முடியாது" என்ற வரி 1946இல் சட்டக் காரணமாக இருக்கலாம், சாக்காகவும் இருக்கலாம். எது என்று சொல்ல, அதற்கு முந்தைய பக்கங்களில் அந்த எண்ணத்தைக் காட்டும் சாட்சியம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். சட்டம் படித்தவரைக் காப்பகம் தேடுவதே இந்த இடத்துக்காகத்தான்.

5. தேடும் முன் "இருந்திருக்க வேண்டிய" காகிதங்களைப் பட்டியலிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

வழக்கு கைக்கு வந்ததும் கணினியில் பெயரைத் தட்டாதீர்கள். ஒரு தாளை எடுத்து, அந்தச் சம்பவம் அன்றைய விதிப்படி எந்தெந்தக் காகிதத்தை உண்டாக்கியிருக்கும் என்று எழுதுங்கள். கைது நடந்ததா? அப்படியானால் வாரண்ட், சிறைப் பதிவேடு. மருத்துவமனைக்குப் போனாரா? அனுமதிப் பதிவு. இறந்தாரா? இறப்புச் சான்றிதழ், கரோனர் (சந்தேகச் சாவின் காரணத்தை ஆராயும் அதிகாரி) விசாரணை, அடக்கம் செய்தவரின் கணக்கு. மாநிலக் கிராண்ட் ஜூரிக்கு, அதாவது குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவுக்கு, போனதா? கவுண்டி நீதிமன்ற எழுத்தரின் குறிப்பேடு. வாஷிங்டனுக்கு யாராவது எழுதினார்களா? நீதித்துறைக் கோப்பு, அதிலிருந்து எஃப்.பி.ஐ கோப்பு.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: யார் எழுதியிருப்பார், இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கும், என்ன ஆனது. மூன்றாவது கட்டத்தில் "கிடைக்கவில்லை" என்று மட்டும் எழுதுவதை நான் ஏற்பதில்லை. தேடவே இல்லையா, தேடியும் இல்லையா, அழிக்கப்பட்டதாக அலுவலகம் சொன்னதா, இருக்கிறது ஆனால் மூடப்பட்டிருக்கிறதா என்று பிரித்து எழுத வேண்டும்.

காரணம் இது. கரோனர் விசாரணை நடக்கவே இல்லை என்பது ஒரு பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அந்தக் கவுண்டியில் அந்த ஆண்டின் கரோனர் பதிவேடு இன்றும் இருக்கிறது, அதில் மற்ற சாவுகள் பதிவாகியிருக்கின்றன, இது மட்டும் இல்லை என்று காட்டினால்தான் அது கண்டுபிடிப்பு. பதிவேடே நெருப்பில் போயிருந்தால் உங்களால் எதுவும் சொல்ல முடியாது. புதியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, "அதிகாரிகள் விசாரிக்கவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

6. பெயர், இடம், தேதி மூன்றையும் உறுதி செய்யுங்கள்

இறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள். மாநில ஆவணக் காப்பகங்களிலும் வம்சாவளித் தளங்களிலும் பல மாநிலங்களின் சான்றிதழ்கள் கிடைக்கும். காரணம் என்ற கட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தகவல் தந்தவர் பெயர், அடக்கம் செய்த இடம், அடக்க ஏற்பாட்டாளர், கரோனரா மருத்துவரா கையெழுத்திட்டவர் என்ற நான்கும் அடுத்த நான்கு தேடல்களுக்கு வழி. தகவல் தந்தவர் பெரும்பாலும் மனைவி, தாய், அண்ணன் என்று உறவாக இருப்பார்.

"நியாயமான கொலை" என்று அதில் எழுதியிருந்தால், அப்படி எழுதியவரின் முடிவு அது. உங்கள் தரவில் அதை மேற்கோளாகத்தான் போட வேண்டும்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்தே திறக்கப்படும் என்பதால் 1950ஆம் ஆண்டு ஏடுகள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. 1930, 1940, 1950 மூன்றிலும் அதே குடும்பத்தைப் பிடியுங்கள். வயது மூன்றிலும் பொருந்தாது, பதற வேண்டாம். இனிஷியல் வைத்தே வாழ்ந்து பழகிய நமக்கு, அங்கேயும் ஆண்கள் பலர் இரண்டு எழுத்துகளாலேயே பதிவாகியிருப்பது விசித்திரமாகத் தோன்றாது. ஆனால் அந்த இரண்டு எழுத்துகளுக்கு ஒரு முழுப்பெயர் இருந்தே தீர வேண்டும் என்று நினைத்துக் கற்பித்துவிடாதீர்கள். சிலருக்கு எழுத்துகளேதான் பெயர்.

இரண்டாம் உலகப்போர் காலத்துப் படைப் பதிவு அட்டை ஒரு புதையல். "உங்கள் முகவரியை எப்போதும் அறிந்திருப்பவர்" என்று ஒரு கட்டமும், வேலை கொடுத்தவர் பெயருக்கு ஒரு கட்டமும் அதில் உண்டு. பண்ணை முதலாளியின் பெயர் அங்கே வெளிப்பட்டால், அதே பெயர் கிராண்ட் ஜூரிப் பட்டியலில் இருக்கிறதா என்று பின்னால் ஒப்பிடலாம்.

இடம் என்று சொல்லும்போது ஊர் போதாது, கவுண்டி வேண்டும். எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்ட வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1955 ஆகஸ்டில் அந்தச் சிறுவனைக் கடத்தியது மிசிசிப்பியின் லெஃப்ளோர் கவுண்டியில். உடல் கிடைத்தது டல்லஹாச்சி கவுண்டியில். கொலை வழக்கு டல்லஹாச்சியின் சம்னர் நீதிமன்றத்தில் நடந்து விடுதலையில் முடிந்தது. கடத்தலுக்குக் குற்றம் சாட்ட மறுத்தது லெஃப்ளோர் கிராண்ட் ஜூரி. ஒரு கவுண்டியை மட்டும் தேடினால் பாதிக் கதைதான் கையில் வரும். போதாக்குறைக்கு, டல்லஹாச்சிக்கு சார்ல்ஸ்டன், சம்னர் என்று இரண்டு தலைநகரங்கள்.

7. பத்திரிகைகளை ஜோடியாகப் படியுங்கள்

உள்ளூர் வெள்ளையர் பத்திரிகை ஒன்று, கறுப்பினப் பத்திரிகை ஒன்று. சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர், பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன், அட்லாண்டா டெய்லி வேர்ல்ட் ஆகியவற்றின் பழைய இதழ்களைப் பல்கலைக்கழக நூலகச் சந்தா வழியாகத் தேடலாம். உள்ளூர்ப் பத்திரிகை பெரும்பாலும் ஷெரிஃப் சொன்னதை அச்சிடும். தேதி, நேரம், கரோனர் பெயர் போன்ற விவரங்களுக்கு அது உதவும். குடும்பமும் சாட்சிகளும் சொன்னது மற்றதில் இருக்கும்.

கறுப்பினப் பத்திரிகைகள் பல வார இதழ்கள். சம்பவம் நடந்து இரண்டு, மூன்று வாரம் கழித்துச் செய்தி வரலாம். சம்பவத் தேதிக்கு மறுநாளைத் தேடிவிட்டு "செய்தி வரவில்லை" என்று எழுதாதீர்கள்.

ஐந்து பத்திரிகைகளில் ஒரே செய்தி வந்திருந்தால் அது ஐந்து ஆதாரம் ஆகாது. செய்தி நிறுவனம் ஒன்று அனுப்பியதை ஐந்து பேரும் போட்டிருப்பார்கள். வாக்கியங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

8. என்.ஏ.ஏ.சி.பி கோப்புகள்

கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகப் போராடும் இந்த அமைப்பின் ஆவணங்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் கையெழுத்துப்பிரதிப் பிரிவில் இருக்கின்றன. இரண்டாம் தொகுதி 1940 முதல் 1955 வரையிலானது. உங்கள் வழக்கு 1930களில் என்றால் முதல் தொகுதியைக் கேளுங்கள். பெரும்பகுதி டிஜிட்டல் வடிவிலும் நூலகச் சந்தாக்களில் கிடைக்கிறது, நேரில் போகும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

அரசு கேட்காத சாட்சிகளின் குரல் இங்கேதான் இருக்கும். உள்ளூர்க் கிளைச் செயலாளரின் கடிதங்கள், சத்தியம் செய்து எழுதிய பிரமாணப் பத்திரங்கள், சில சமயம் பென்சிலில் எழுதிய ஒரு தாயின் கடிதம்.

பிரமாணப் பத்திரம் என்றதும் சட்ட மாணவருக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அதையும் சரிபாருங்கள். 1946 பிப்ரவரியில், படையிலிருந்து விடுபட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த கறுப்பினச் சார்ஜன்ட் ஐசக் வுடர்டைப் பேருந்திலிருந்து இறக்கி, போலீஸ் அடித்ததில் இரண்டு கண்களும் போயின. அவர் தந்த பிரமாணப் பத்திரத்தில் ஊர் தென் கரோலினாவின் ஏய்கன் என்று இருந்தது. நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் வானொலியில் அதை நாடறியச் சொன்னார். பின்னால்தான் அந்த ஊர் பேட்ஸ்பர்க் என்று தெரிந்தது. வுடர்ட் பொய் சொல்லவில்லை. இரவில், தெரியாத ஊரில், கண் போன மனிதர் அவர். நல்ல சாட்சியும் ஒரு விவரத்தில் தவறலாம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

9. காலேஜ் பார்க்: நீதித்துறைக் கோப்பு

மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், நீதித்துறையின் பொது ஆவணங்கள் பதிவுத் தொகுதி 60இல் இருக்கின்றன. அதில் சிவில் உரிமை வழக்குகளின் வகுப்பு எண் 144. முதலில் வகுப்பு எண், அடுத்து கூட்டாட்சி நீதி மாவட்டத்தின் எண், கடைசியில் வழக்கின் வரிசை எண் என்ற அமைப்பில் கோப்பு எண் வரும். உங்கள் கவுண்டி எந்த நீதி மாவட்டத்தில் வருகிறது என்று தெரியாமல் போனால் ஒரு நாள் வீண். ஆறாம் படியை இதற்கு முன் முடிக்கச் சொன்னது இதனால்தான்.

கடன் பிணைப்பில் பண்ணையில் அடைத்துவைத்திருந்த தொழிலாளி கொல்லப்பட்டிருந்தால் வகுப்பு 50இலும் பாருங்கள். கொத்தடிமை வழக்குகள் அங்கே. 144 மட்டும் தேடித் திரும்பி வந்தவர்கள் தவறவிட்ட கோப்புகள் அங்கே இருந்திருக்கின்றன.

போவதற்குச் சில வாரங்கள் முன்பே காப்பக ஊழியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சில பெட்டிகளை ஆய்வாளர் கையில் கொடுக்கும் முன், உயிரோடிருப்பவர்களின் தனிப்பட்ட விவரம் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்தாக வேண்டும். நேரில் போய் நின்று கேட்டால் அன்று கிடைக்காது.

போன அன்று ஆய்வாளர் அட்டை வாங்க வேண்டும், பாஸ்போர்ட் கொண்டுபோங்கள். பை, கோட், பேனா, நோட்டு எல்லாம் லாக்கரில். பென்சிலும் தாளும் அவர்களே தருவார்கள். லேப்டாப், ஃபிளாஷ் போடாத கேமரா அனுமதி. பெட்டிகளைக் குறித்த நேரங்களில்தான் எடுத்துத் தருவார்கள். ஆகவே காலையில் முதல் வேலையாகக் கோரிக்கைச் சீட்டைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

மேசையில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஃபோல்டர். எடுத்த இடத்தில் அடையாள அட்டை. பக்க வரிசை மாறக் கூடாது. எது எதற்குப் பின்னால் வைக்கப்பட்டது என்பதே ஒரு தகவல். புகார்க் கடிதத்துக்கும் மூடல் குறிப்புக்கும் நடுவே எத்தனை தாள் என்று பார்த்தாலே, எவ்வளவு விசாரித்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வையுங்கள். எஃப்.பி.ஐயிடம் கேட்டது பூர்வாங்க விசாரணையா, முழு விசாரணையா? யாரையெல்லாம் விசாரிக்கச் சொன்னார்கள், யாரை விட்டுவிட்டார்கள்? மூடச் சொன்னது வாஷிங்டனா, உள்ளூர்க் கூட்டாட்சி வழக்கறிஞரா? "கொன்றது யார்" என்ற கேள்வியோடு கோப்பைத் திறப்பவர் இந்த மூன்றையும் தாண்டிப் போய்விடுவார். கொன்றவர் பெயர் பல கோப்புகளில் முதல் பக்கத்திலேயே இருக்கும். அது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கோப்பு நடுவில் ஒரு வண்ணத் தாள் இருந்து, இன்ன ஆவணம் எடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தால் அதைத் தவறாமல் படமெடுங்கள். பின்னால் விண்ணப்பம் போட அதில் உள்ள விவரம்தான் தேவை.

வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம்வரை போயிருந்தால், நீதிமன்றக் காகிதம் காலேஜ் பார்க்கில் இருக்காது. பதிவுத் தொகுதி 21இல், ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, கரோலினாக்கள் என்றால் அட்லாண்டா கிளையில். டெக்சஸ், லூசியானா, ஆர்கன்சா என்றால் ஃபோர்ட் வொர்த்தில்.

10. எஃப்.பி.ஐ கோப்பும் தகவல் சுதந்திர விண்ணப்பமும்

இதைக் கடைசித் தேடலாக வைத்ததற்குக் காரணம், விண்ணப்பம் எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவு பதில் வரும் என்பதே. நீதித்துறைக் கோப்பில் எஃப்.பி.ஐ அறிக்கையின் நகலும் அதன் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். எஃப்.பி.ஐ வகைப்பாட்டில் சிவில் உரிமைக்கு எண் 44. அந்த எண்ணைக் குறிப்பிட்டு, தலைமையகக் கோப்பையும் களக் கிளைக் கோப்பையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைத் தானாகத் தேடுவார்கள் என்று நம்பியிருக்காதீர்கள்.

பழைய கோப்புகள் பல எஃப்.பி.ஐயிடமிருந்து தேசியக் காப்பகத்துக்குப் போய்விட்டன. முதலில் அங்கே கேட்டுவிடுங்கள். அதோடு, 2018ஆம் ஆண்டுச் சிவில் உரிமைப் பழைய வழக்கு ஆவணத் தொகுப்புச் சட்டம் 1940 முதல் 1979 வரையிலான ஆவணங்களைத் திறக்க ஒரு மறுஆய்வு வாரியத்தை அமைத்தது. உங்கள் வழக்கு அந்த வெளியீடுகளில் வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்ததையே மறுபடி விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பது வீண்.

விண்ணப்பத்தில் பெயருள்ள ஒவ்வொருவரும் இறந்ததற்குச் சான்று இணையுங்கள். பிறந்து நூறு ஆண்டு தாண்டியவர் என்றால் பிறந்த தேதியே போதும். இது இல்லாவிட்டால் தனியுரிமை விலக்கின்படி பெயர்களைக் கறுப்படித்துவிடுவார்கள். அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, யாரும் விண்ணப்பிக்கலாம்.

தகவல் சுதந்திரச் சட்டம் தரும் 20 வேலைநாள் கெடுவை நம்பி உங்கள் திட்டத்தைப் போடாதீர்கள். மாதங்கள் ஆகும்.

கிராண்ட் ஜூரி சாட்சியம் வேறு கதை. 1946 ஜூலையில் ஜார்ஜியாவின் மூர்ஸ் ஃபோர்டு பாலத்தருகே இரண்டு தம்பதியர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், அதன் கூட்டாட்சிக் கிராண்ட் ஜூரிப் பதிவுகளைத் திறக்க முடியாது என்று 11ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் முடிவு செய்தது. சரித்திர முக்கியத்துவம் என்ற காரணம் மட்டும் செல்லாது என்பது அதன் சாரம். அந்த நீதிமன்றத்தின் கீழ் வரும் ஜார்ஜியா, அலபாமா, ஃபுளோரிடா வழக்கு என்றால் இதில் நேரத்தைச் செலவிடும் முன் மேற்பார்வை வழக்கறிஞரைக் கேளுங்கள்.

11. படமெடுக்கும்போதே பதிவும் செய்யுங்கள்

ஃபோல்டரைத் திறந்ததும் முதல் படம் பெட்டியின் முகப்புச் சீட்டு, இரண்டாவது ஃபோல்டரின் பெயர், அப்புறம்தான் பக்கங்கள். மாலையில் விடுதிக்குப் போய் ஒழுங்குபடுத்தலாம் என்று விட்டவர்களின் படங்கள் எந்தப் பெட்டியுடையவை என்றே தெரியாமல் குவிந்து கிடக்கும். மேற்கோள் காட்ட முடியாத ஆவணம் இருந்தும் இல்லாததுதான்.

தரவுத்தளத்தில் நிரப்பும்போது "தெரியவில்லை", "ஆவணத்தில் சொல்லப்படவில்லை", "ஆவணங்கள் முரண்படுகின்றன" மூன்றும் வேறு வேறு. முரண்பட்டால் இரண்டையும் போட்டு இரண்டுக்கும் ஆதாரம் காட்டுங்கள். உங்களுக்கு நம்பத் தோன்றுவதைத் தேர்ந்தெடுத்து எழுத உங்களுக்கு அதிகாரம் இல்லை.

அன்றைய ஆவணங்களில் இழிசொற்கள் சாதாரணமாக வரும். படியெடுக்கும்போது மாற்றாமல், மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் அவை வரக் கூடாது. சவப் பரிசோதனைப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை மாலை கடைசியாக வைத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க உடன் வேலை செய்தவர் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்து முடிப்பது நல்லது.

12. குடும்பத்தை நீங்களாகத் தொடர்புகொள்ளாதீர்கள்

பேத்தியை ஃபேஸ்புக்கில் கண்டுபிடித்துவிட்டேன், செய்தி அனுப்பட்டுமா என்று ஆர்வத்தோடு கேட்பார்கள். வேண்டாம். தாத்தா கார் விபத்தில் இறந்தார் என்றே அந்தக் குடும்பத்தில் சொல்லி வளர்த்திருக்கலாம். முதல் அழைப்பு மேற்பார்வை வழக்கறிஞரிடமிருந்துதான் போக வேண்டும். என்ன சொல்வது, எந்த ஆவணத்தை முதலில் காட்டுவது, பேச விருப்பமில்லை என்றால் எப்படி விலகுவது என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

பேச அழைத்தால் பெரியவர்களை முதல் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கறுப்பினத்தவருக்கு "மிஸ்டர்", "மிஸஸ்" என்ற மரியாதையை அந்தக் காலத்துத் தெற்கு திட்டமிட்டே மறுத்தது. எழுபது வயதைத் தாண்டியவர் அதைக் கவனிப்பார். வழக்கைத் திறந்து தண்டனை வாங்கித் தருவோம் என்ற தொனியும் கூடாது. குற்றவாளிகள் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள். கல்லறைக்கல், மன்னிப்புத் தீர்மானம், திருத்திய இறப்புச் சான்றிதழ் போன்றவைதான் நடைமுறையில் கேட்கக்கூடியவை. அதிலும் எது வேண்டும் என்பதைக் குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

13. மெமோவும் ஒப்படைப்பும்

மெமோவில் நான்கு பகுதிகள் போதும்: நடந்தது, அதிகாரிகள் செய்தது, அன்றைய சட்டப்படி செய்திருக்கக்கூடியது, இன்னும் கிடைக்காத காகிதம். மூன்றாவதை 1945ஆம் ஆண்டின் சட்டத்தை வைத்து எழுதுங்கள். இன்றைய சட்டத்தை வைத்துத் தீட்டினால் படிக்க ஆவேசமாக இருக்கும், எதற்கும் பயன்படாது. உதாரணமாக அன்று பிரிவு 52க்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டுச் சிறையும் ஆயிரம் டாலர் அபராதமும்தான், மரணமே நேர்ந்திருந்தாலும்.

"துணை ஷெரிஃப் பின்னாலிருந்து சுட்டார்" என்று எழுதாதீர்கள். "பின்னாலிருந்து சுட்டதாக மனைவியின் பிரமாணப் பத்திரம் சொல்கிறது, குண்டு முதுகில் நுழைந்ததாக இறப்புச் சான்றிதழ் சொல்கிறது" என்று எழுதுங்கள். இரண்டாவது வாக்கியம் நீளம்தான், ஆனால் யாராலும் அசைக்க முடியாது. சம்பந்தப்பட்டவர் யாராவது உயிரோடிருக்க வாய்ப்பு இருந்தால், பெயரை வெளியிடுவது வழக்கறிஞரின் முடிவு.

கடைசி வாரத்தில் புதிய தேடல் எதையும் தொடங்காதீர்கள். ஐந்தாம் படியின் பட்டியலை எடுத்து மூன்றாவது கட்டத்தை இன்றைய தேதிவரை நிரப்புங்கள். நிலுவையில் உள்ள ஒவ்வொரு விண்ணப்பத்தின் எண்ணையும் அனுப்பிய தேதியையும் எழுதுங்கள். அந்த விண்ணப்பங்களில் உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் உடனே திட்டத்தின் முகவரிக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் அனுப்புங்கள். எஃப்.பி.ஐயின் பதில் வரும்போது நீங்கள் பட்டம் வாங்கி ஊர் திரும்பியிருப்பீர்கள். கல்லூரி உங்கள் மாணவர் மின்னஞ்சலை மூடியிருக்கும்.